அபித்தான் பிள்ளையின் அடுப்பு

உச்சிமாகாளி ஒரே வாயால் இரண்டு சேதி சொன்னார். நாளைக்கு வாய்க்கால் வெட்டு, அதனால் இன்றைக்குப் பொழுது சாய அம்மையப்ப பிள்ளைவாளின் களத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டி, வழக்கம்போல ஒரு பானை கஞ்சி காய்ச்சி இறக்கிவிட வேண்டும். இது முதல் சேதி. இந்த வருசம் அன்னத்தாய் வீட்டுக்கு வாய்க்காலில் பங்கு கிடையாது. இது இரண்டாவது.

அன்னத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, ரெண்டாவதா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"பங்கு ஊர்க்காரங்களுக்குத்தானாம். நீ தீவுல பொறந்தவ. நாறும்பூ இருந்தவரைக்கும் அவனுக்காக ஊரு குடுத்துச்சு. இப்ப அவனும் இல்ல." உச்சிமாகாளி கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் என்ன தாயி செய்ய? சொல்லச் சொன்னாக, சொல்லுதேன்."

"அடுப்பு மூட்ட மட்டும் நான் ஊர்க்காரியோ?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாணல்பத்து ஊரின் நீர்பாய்ச்சி அவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது அடைப்பது எல்லாம் அவர் கையில். ஆனால் அந்தக் கையை ஆட்டுவது வேறொரு கை என்பது நாணல்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வாய்க்கால் வெட்டில் பங்கு என்றால் ஏதோ லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். சித்திரை வெயிலில் சேற்றில் இறங்கி, முதுகு ஒடிய வண்டலை வாரிக் கரையில் போட வேண்டும். சல்லிக்காசு கூலி கிடையாது. ஆனாலும் அந்தப் பங்கு போனால் வீடு போனது மாதிரிதான். தன் பங்கை வெட்டியவனுக்குத்தான் கார்ப்பயிருக்குத் தாமிரபரணித் தண்ணீரில் முறை உண்டு. முறை இல்லாத வயல் காயும். காய்ந்த வயலைக் குத்தகைக்காரனிடமிருந்து நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஏனென்று கேட்க முடியாது. அன்னத்தாயிடம் இருந்தது தலைமடையை ஒட்டி எட்டு மரக்கால் விதைப்பாடு. புருசன் நாறும்பூநாதனின் பெரியப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக் குத்தகை. போன ஐப்பசியில் அந்த வயல் வரப்பில்தான் நாறும்பூநாதனைப் பாம்பு கடித்தது. பிள்ளைகுட்டி இல்லை. உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த வயலும், அதில் விளைந்ததைப் பொங்கித் தின்ன ஓர் அடுப்பும்தான்.

அந்த ஊரில் யார் ஊர்க்காரர் என்பதற்கு அளவும் அடுப்புதான். வெட்டுக்கு முந்தின சாயங்காலம் எந்த வீட்டில் அடுப்பு எரிந்ததோ அந்த வீட்டுக்கு ஒரு பங்கு. காலையில் தலைமடையில் ஊர் கூடும். நீர்பாய்ச்சி கையில் நார்க்கயிற்றோடு நின்று ஒவ்வொரு வீடாகச் சொல்லி, "அடுப்பு எரிஞ்சுதா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் "எரிஞ்சுது" என்று சொன்னால் கயிற்றால் அளந்து முளைக்குச்சி அடிப்பார். சொல்ல ஆளில்லை என்றால் கயிறு அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். நியாயமான வழக்கம். எவன் இங்கே தின்று தூங்குகிறானோ அவன் இந்த ஊர்க்காரன்.

இந்த நியாயத்துக்குள் அம்மையப்ப பிள்ளை நுழைந்த அழகைத்தான் பார்க்க வேண்டும். ஊர் வயலில் முக்கால்வாசி அவருடையது. அவர் இருப்பதோ ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சியில், மச்சு வீட்டில். நாணல்பத்தில் ஒரு ராத்திரி தலை சாய்த்தவரில்லை, கொசு ஆகாதாம். ஆனால் வாய்க்காலில் முதல் பங்கு அவருடையது, அதனால் முதல் தண்ணீரும் அவருடையது. அந்தப் பங்கை வெட்டுவது அவருடைய குத்தகைக்காரர்கள். அடுப்புக்கு என்ன செய்வது? வருசத்துக்கு ஒரு நாள், நெல் போடும் வெறும் கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டி, யாரையாவது விட்டு ஒரு பானை கஞ்சி காய்ச்சச் சொல்லுவார்கள். புகை வந்ததா, வந்தது. பிள்ளைவாள் ஊர்க்காரர்.

அந்த "யாரையாவது" தீவிலிருந்து வந்த நாள் முதலாக அன்னத்தாயாகத்தான் இருந்தாள். தாலி அறுத்தவளை நல்லது கெட்டதில் எதிரே வரவிடாத ஊர், இந்தப் பொய்க்கஞ்சி காய்ச்ச மட்டும் அவள் கையே போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தது.

அவள் களைந்த அரிசியை அப்படியே மூடி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தாள். கோடைத் தண்ணீர் முழங்கால்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்தபோது, அவளுக்கு உச்சிமாகாளி மேல்கூடக் கோபம் இல்லை. பிள்ளைவாளிடம் நேரில் கேட்டால் விசயம் தெரிந்துவிடும், ஏதோ காரியக்காரன் செய்த குளறுபடியாக இருக்கும் என்றுதான் நம்பினாள். பெரிய மனுசர்களை அப்படி நம்புவதற்கு அவளைச் சின்ன வயசிலேயே பழக்கிவிட்டிருந்தார்கள்.

அவள் பிறந்தது கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புர்போன் தீவில். அவளுடைய அப்பா இந்த ஆற்றங்கரைக்காரர்தான். ஒரு பஞ்சத்தில் நடந்தே பாண்டிச்சேரி போய்க் கப்பலேறி, பிரெஞ்சுக்காரனின் கரும்புத் தோட்டத்தில் சேர்ந்தவர். அங்கே தோட்டத்து முதலாளிக்கு அபித்தான் என்று பேர். அதற்கு என்ன அர்த்தம் என்று கூலி லயத்தில் யாரும் கேட்டதில்லை. கவர்னருக்கு அடுத்து அபித்தான், அபித்தானுக்கு அடுத்து கங்காணி, கங்காணிக்குக் கீழே மண். அவ்வளவுதான் தெரியும். அதை மரியாதை வார்த்தையாகவே அவளும், அங்கே அவளைக் கட்டிக்கொண்டு பெரியப்பாவின் வயலைப் பார்க்கத் திரும்பிய நாறும்பூநாதனும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் பிள்ளையைப் பார்த்ததும் நாறும்பூநாதன் கைகட்டி, "அபித்தான் ஐயாவுக்குக் கும்பிடு" என்றான். பிள்ளை என்னவென்று கேட்டார். வெள்ளைக்கார ஜமீனுக்கு அங்கே அதுதான் பட்டம் என்று இவன் சொன்னான். பிள்ளைக்கு அந்த வார்த்தை தேனாக இனித்துவிட்டது. அன்றிலிருந்து ஊரே அவரை அபித்தான் பிள்ளை என்றது. வில்வண்டிக்காரன்கூட "அபித்தான் வண்டி, விலகு" என்றுதான் கத்துவான்.

பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முற்றத்து ஓரத்தில் நின்று அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் பின்னால் அவளுக்கு அதிகம் எரிந்தது.

"நீ சொல்லுதது சரிதான். நாறும்பூ நல்ல பய. ஆனா நீ யாரு? சொல்லு பாப்போம். ஒனக்கு இங்கன யாரு இருக்கா?"

"எங்க அப்பா இந்த ஆத்தங்கரையில பொறந்தவரு ஐயா. எம் புருசன் அந்த வரப்புல செத்தான்."

"செத்தவன் கணக்கு வேற. இருக்கவ கணக்கு வேற." காம்பைக் கிள்ளிப் போட்டார். "நீ இந்த ஊர்ல பொறக்கல. ஒம் பேச்சக் கேட்டாலே சின்னப்பயலுவ சிரிக்கானுவ. பேசாம வயல விட்டுட்டு நம்ம பண்ணையில நாத்து நட வா. கஞ்சிக்குக் கொறவில்லாம நான் பாத்துக்கிடுதேன்."

"வயலு எனக்கு வேணும் ஐயா. பங்க வெட்டுததுக்கு எனக்குத் தெம்பு இருக்கு."

பிள்ளை சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கலெக்டர் தொரைய மணியாச்சியில சுட்டு இன்னும் ஒரு வருசம்கூட ஆகல. பாண்டிச்சேரின்னு எவன் வாயத் தொறந்தாலும் போலீஸ்காரன் வந்து நிக்கான். நீ பாண்டிச்சேரில வந்து எறங்கினவ. பிரெஞ்சுப் பேச்சு பேசுதவ. நான் ஒரு வார்த்த சொல்லல. சொல்லவும் மாட்டேன். பைய வீட்டப் பாத்துப் போ. பொழுது சாய அடுப்ப மூட்டிரு."

அவள் கும்பிட்டாள். கை தானாகக் குவிந்துவிட்டது. தெருமுனை தாண்டின பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வயலைப் பிடுங்குகிறவனை, போலீசைக் காட்டி மிரட்டுகிறவனை, கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்த இரண்டு கையையும் வெட்டிப் போடலாம் என்றிருந்தது.

தண்ணீர் குடிக்க ரயில் நிலையத்துக் குழாயடிக்குப் போனாள். அங்கே வேப்பமரத்து நிழலில் வெள்ளை அங்கியும் தாடியுமாக ஒரு சாமியார் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டைப் பிரெஞ்சுச் சாமியார். ரயில் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, யாரையோ தனக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வசவு அவள் காதில் விழுந்தது. தீவில் தினமும் கேட்ட வசவு. வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சை அவள் வேற்று வாயில் கேட்டதில்லை.

"போன்ழூர், மோன் பேர்" என்றாள், வணக்கம் சாமி என்று.

சாமியார் திரும்பிப் பார்த்துத் திகைத்தார். கிழிந்த சேலையில் ஒரு நெல்லைச் சீமைக்காரி, கரும்புத்தோட்டத்துப் பிரெஞ்சில் கும்பிடு போடுகிறாள். எங்கே கற்றாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். கேட்க ஆள் கிடைத்ததும் வயிற்றில் கிடந்தது முழுவதையும் கொட்டிவிட்டாள், பாதி அந்தப் பேச்சில், பாதி தமிழில்: வாய்க்கால், பங்கு, வயல், எங்கள் ஊர் அபித்தான் இப்படிச் செய்துவிட்டார்.

"எந்த அபித்தான்? உங்கள் ஊரில் எத்தனை பேர் உண்டு?" என்றார் சாமியார். பாடம் படித்த தமிழ்.

"ஊருக்கு ஒரு அபித்தான்தானே சாமி இருப்பான்."

சாமியார் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அம்மா, அந்த வார்த்தைக்கு முதலாளி என்று பொருள் இல்லை. ஓர் இடத்தில் குடியிருக்கிறவர், அவ்வளவுதான். என் ஊரில் செருப்புத் தைக்கிறவனும் அபித்தான், மேயரும் அபித்தான், பிச்சை எடுக்கிற கிழவியும் அபித்தான். எங்கே அடுப்பு எரிகிறதோ, எங்கே படுத்து எழுகிறாயோ, அந்த ஊர் அபித்தான் நீ."

"தீவுல அப்படி இல்லையே."

"தீவில் முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு நிலம் வைத்திருக்கிறவன் மட்டும்தான் குடியிருக்கிறவன் என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் வேலைக்கு வந்த கைகள். கைகள் குடியிருக்குமா?" அவர் தாடியைத் தடவினார். "என் அண்ணன் கனடாவில் இருக்கிறான். பனி பெய்கிற தேசம். அங்கே அந்த வார்த்தை தலைகீழ். தன் கையால் ஏர் பிடிக்கிற ஏழைக் குடியானவனைத்தான் அங்கே அபித்தான் என்பார்கள். பட்டணத்துக்காரன் கேலியாகச் சொல்லுவான், ஆமாம், நான் அபித்தான் என்று இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுவான்."

அன்னத்தாய் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"எங்க அப்பா?"

"அவரும்தான் அம்மா. அவர்தான்."

அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். அவளுக்கு அது ஆத்திரத்தைத்தான் மூட்டியது. தோட்டத்து முதலாளி தீவிலேயே இருந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சு தேசத்தில் இருந்தவன், வருசங்களுக்கு ஒரு முறை வண்டியில் வந்து கரும்பைப் பார்த்துவிட்டுப் போவான். அப்படி ஒருமுறை வந்தபோது அப்பாவுக்குக் கடுங்காய்ச்சல். அபித்தான் வருகிறார், எல்லாரும் வரிசையில் நில் என்று கங்காணி லயத்திலிருந்து இழுத்து வெளியே நிறுத்தினான். அப்பா உச்சி வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது, நிற்காமல் போனது. அப்பா அந்த இடத்திலேயே விழுந்தார். அந்த வாரமே அவரைத் தூக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மண்ணில் உழன்று, அந்த மண்ணிலேயே பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளைகளையும் புதைத்து, கடைசியில் அதற்குள்ளேயே போன மனுசன், ஒரு ராத்திரி தங்காதவனுக்காக வெயிலில் நின்று செத்தான். நின்றதும் எந்தப் பேருக்காக? குடியிருக்கிறவன் என்ற பேருக்காக. தன் பேரையே இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு அதற்குக் கும்பிடும் போட்டிருக்கிறார். அந்தப் பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே இன்னொருவனுக்குச் சூட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

"சாமி, நீங்க வந்து இத அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்" என்றாள்.

சாமியாரின் முகம் மாறியது. ஊர் வழக்கில் தலையிட முடியாது, காலம் சரியில்லை, பிரெஞ்சுக்காரன் என்றாலே துரைமார் சந்தேகப்படுகிறார்கள் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே ஆசீர்வாதம் செய்தார். அர்த்தம் சொல்ல ஆள் உண்டு, கூட நிற்க ஆள் இல்லை. அவர்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ஆற்றைக் கடந்தாள்.

பொழுது சாயும்போது களத்துக் கொட்டகையைத் தாண்டித்தான் வந்தாள். உள்ளே பானையும் சுள்ளியும் எடுத்து வைத்திருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து தன் அடுப்பை மூட்டினாள். காலையில் களைந்து வைத்த அரிசி புளித்துப்போயிருந்தது. அதையே பொங்கினாள். கூரை பிய்ந்து போகும்படி புகை விட்டாள். பக்கத்து வீட்டு வடிவம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் தலைமடையில் ஊர் கூடியது. ஆண்கள் மண்வெட்டியோடும் பெண்கள் கூடையோடும் வந்தார்கள். முதல் வெட்டைப் பார்க்கப் பிள்ளையின் வில்வண்டியும் வந்து நின்றது. அன்னத்தாயும் மண்வெட்டியோடு வந்தாள். பங்கு இல்லாதவளுக்கு எதற்கு மண்வெட்டி என்று ஒருத்தி முணுமுணுத்தாள், அன்னத்தாய் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

உச்சிமாகாளி கயிற்றை அவிழ்த்தார். "பண்ணை வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா?"

பண்ணை வீடு என்றால் அந்தக் களத்துக் கொட்டகைதான், அதற்குப் பக்கத்து வீடு கிடையாது. காய்ச்சினவள்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் அன்னத்தாயைப் பார்த்தார்கள்.

"எரியல" என்றாள்.

"என்ன தாயி?"

"எரியல. நான் மூட்டல. போயிப் பாத்துட்டு வாங்க, அங்கன கெடக்குதது போன வருசத்துச் சாம்பல்."

ஒருத்தரும் அசையவில்லை. நாணல்பத்தில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

"இப்ப எம் வீட்டக் கேளுங்க அண்ணாச்சி" என்றாள் அன்னத்தாய்.

உச்சிமாகாளி வில்வண்டியைப் பார்த்தார். பிறகு, வழக்கத்தை மீற முடியாமல், ஈனக் குரலில் கேட்டார். "அன்னத்தாய் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா?"

பதில் சொல்ல வேண்டியவள் வடிவம்மாள். நாறும்பூநாதன் செத்த அன்று அன்னத்தாயைக் கட்டிக்கொண்டு அழுதவள். புகையை வாசலில் நின்று பார்த்தவள். அவள் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுத்தவன் மண்வெட்டிக் காம்பைத் தடவினான். அதற்கடுத்தவன் ஆற்றைப் பார்த்தான். அத்தனை வாயும் ஒன்றுபோல ஒட்டிக்கொண்டன. அந்த நிமிசத்தில் அன்னத்தாய் பிள்ளையை வெறுத்ததைவிட அவர்களைத்தான் அதிகம் வெறுத்தாள்.

பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினார். "பாத்தியா? ஒனக்காக ஒரு வாய் தொறக்கல. ஊருக்கே தெரியும், நீ ஊர்க்காரி இல்ல. எனக்கு எதுக்குவே அடுப்பும் எளவும்? நான் இந்த ஊரு அபித்தான்."

"அது ஒங்க பேரு இல்ல" என்றாள் அன்னத்தாய். இந்தத் தடவை கை குவியவில்லை. மண்வெட்டியைப் பிடித்திருந்தது. "தெரியாமக் குடுத்துட்டோம். அபித்தான்னா குடியிருக்கவன்னு அர்த்தம். அந்தந்த மண்ணுலயே தின்னு, அந்தந்த மண்ணுலயே படுத்து எந்திரிக்கவன். செருப்புத் தைக்கவனுக்கும் அந்தப் பேருதான், பிச்சை எடுக்கவளுக்கும் அந்தப் பேருதான். ஏரு பிடிக்க குடியானவனுக்கும் அதுதான் பேரு. பிரெஞ்சுச் சாமியாரே நேத்து சொன்னாரு. அது நானு. இந்தா நிக்குதாளே வடிவம்மா, அவ. இந்த உச்சிமாகாளி அண்ணாச்சி. நீங்க இல்ல."

கூட்டத்தில் எங்கேயோ ஒரு இளிப்புச் சத்தம் கேட்டு உடனே அடங்கியது. பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. வண்டிக்காரன் வாயாலும் கடைக்காரன் வாயாலும் இத்தனை நாள் கூப்பிடச் சொல்லிக் கேட்ட பட்டம், சேற்றில் நிற்கிறவனுக்கு உரிய பேரா?

"என்னயக் குடியானவன்னா கூப்பிட்டீய?" என்று கத்தினார். "இந்தச் சேத்துலயும் கொசுவுலயும் குடியிருக்க பயலாலே நான்? ஒங்க கூட்டத்துல ஒருத்தனாலே நான்? நான் இந்த ஊருக்குச் சொந்தக்காரன். ஊர்க்காரன் இல்ல."

உச்சிமாகாளி மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவர் கேட்டதில் கேலி இல்லை. கயிறு பிடிக்கிறவன் கேட்டாக வேண்டிய கேள்வி. "அப்ப, பிள்ளைவாள் ஊர்க்காரர் இல்லையா?"

சொன்னது என்னவென்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பங்கு, முதல் தண்ணீர், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே கேட்டுவிட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கப் பார்த்தார்.

"சரி, விடுங்க. பொம்பள கூடப் பேச்சு எதுக்கு? அவ அடுப்பும் எரிஞ்சுது, எம் அடுப்பும் எரிஞ்சுது. அவளுக்கும் முளை அடி, எனக்கும் அடி. தீந்து போச்சு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வடிவம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "அன்னத்தாய் வீட்டுல எரிஞ்சுது. எங்கண்ணால பாத்தேன்." அனுமதி கிடைத்ததும் கண் தெரிந்துவிட்டது. இன்னும் நாலு பேர் நாங்களும் பார்த்தோம் என்றார்கள். உச்சிமாகாளி கயிற்றால் அளந்து, அன்னத்தாயின் இடத்தில் முளைக்குச்சியை வைத்து ஓங்கி அடித்தார். நிமிர்ந்தபோது அவருக்கு வேர்த்திருந்தது.

பிறகு தலைமடைக்குத் திரும்பி வந்து, அடுத்த முளையைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டார். "பண்ணை வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா?"

எல்லாக் கண்ணும் அன்னத்தாய் மேல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் வயலுக்கும் தொந்தரவில்லை, போலீசும் வராது, பண்ணையாரோடு பகையும் இல்லை. அவள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அவளுக்குப் பயமும் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தால், வெயிலில் தொப்பியோடு நின்ற அப்பாவை அவளே இன்னொரு முறை இழுத்து வெளியே நிறுத்துகிற மாதிரி ஆகும்.

"எரியல" என்றாள்.

உச்சிமாகாளி கூட்டத்தைப் பார்த்தார். காய்ச்சினவள் மறுத்தாலும் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். புகை பார்த்தேன் என்று ஒரு பொய், ஒரே ஒரு வாய் போதும். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய நெல்லைத் தின்கிறவர்கள், அவருக்குக் கடமைப்பட்டவர்கள், அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுகிறவர்கள். வடிவம்மாள் கால் விரலால் மண்ணைக் கிளறினாள். அடுத்தவன் மண்வெட்டிக் காம்பைத் தடவினான். அதற்கடுத்தவன் ஆற்றைப் பார்த்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்த உச்சிமாகாளி முளையை இடுப்பில் செருகிக்கொண்டார். கயிறு பண்ணை வீட்டைத் தாண்டிப் போனது.

பிள்ளை, கார் அறுப்பு முடியட்டும், ஒவ்வொருத்தனையும் பார்த்துக்கொள்ளுகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். வண்டி கண்ணை விட்டு மறைந்த பிறகு கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், இன்னொருவன் அன்னத்தாயின் பேரைச் சொல்லிப் பெருமையாக ஏதோ பேசினான். என்னமோ அவர்களும் சேர்ந்து சண்டை போட்டு ஜெயித்த மாதிரி.

அன்னத்தாய் அதில் கலந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும். அவளை முதலில் கொன்றதும் அந்த மௌனம்தான், இப்போது காப்பாற்றியதும் அதே மௌனம்தான். அவள் பக்கம் நின்று ஒரு வாய் பேசியிருந்தால் அது வேறு. இவர்கள் அப்போதும் பயந்து நின்றார்கள், இப்போதும் பயந்துதான் நின்றார்கள். யார் பக்கம் சாய்ந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. இதுதான் அவள் ஊர். இதற்குத்தான் அவள் ஊர்க்காரி.

சேலையைச் செருகிக்கொண்டு தன் பங்கில் இறங்கினாள். வண்டல் முழங்கால் வரை இழுத்தது. முதல் வெட்டு வெட்டிக் கரையில் போட்டாள். வடிவம்மாள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு பைய அவள் பக்கம் வந்து நின்றாள்.

"மைனி, எம்மேல கோவமா இருக்கியளா?"

"ஆமா" என்றாள் அன்னத்தாய். "தள்ளி நில்லு. சேறு தெறிக்கும்."